ஸ்ட்ரொம்: ஸ்வீடிஷ் மொழியில் ஓடும் நீரும் கரண்டும்

கேள்வி இதுதான்: பெர்க்ஸ்ட்ராம், லிண்ட்ஸ்ட்ராம், ஆங்ஸ்ட்ராம் என்று ஸ்வீடன்காரர்களின் பெயர்க் கடைசியில் வருகிற அந்த 'ஸ்ட்ராம்' என்ன? அகராதியில் ஓரிடத்தில் ஆறு என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் மின்சாரம் என்று இருக்கிறது. எது சரி? ஆங்கில 'ஸ்ட்ரீமு'க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டும் சரி. சம்பந்தமும் உண்டு, ஸ்ட்ரீம் இதன் உடன்பிறப்பு. ஆனால் 'ஆறு' என்று மட்டும் மொழிபெயர்த்தால் சொல்லின் பாதி நழுவிவிடும்.

முதலில் உச்சரிப்பு. நாம் 'ஸ்ட்ராம்' என்று எழுதினாலும் அதில் 'ஆ' கிடையாது. 'எ' சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் 'ஒ'வுக்குக் குவித்தால் வருகிற உயிரொலி அது. தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட 'ஸ்ட்ரொம்' எனலாம். உயிர் குறில், கடைசி 'ம்' கொஞ்சம் அழுத்தமாக ஒலிக்கும். எழுதும்போது ஒரு ம் தான். ஆனால் விகுதி சேர்ந்தவுடன் 'ஸ்ட்ரொம்மென்' (அந்த நீரோட்டம்), 'ஸ்ட்ரொம்மார்' (நீரோட்டங்கள்) என்று இரட்டித்துவிடும்.

இனி பொருள். ஸ்வீடிஷில் ஆற்றுக்கு ஒரே சொல் இல்லை. பெரிய ஆறு 'எல்வ்', சிறிய ஆறு 'ஓ', ஓடை 'பெக்', பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் இடம் 'ஃபொஷ்'. 'ஃப்ளூட்' என்று இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் வெளிநாட்டு ஆறுகளுக்கு: நைல் ஒரு ஃப்ளூட், தேம்ஸ் ஒரு ஃப்ளூட், ஆனால் வடக்கு ஸ்வீடனின் லூலெ ஆறு எல்வ் தான். கடல் ஏற்றத்துக்கும் அதே ஃப்ளூட். புதிதாக மொழி கற்கிறவர்கள் உள்ளூர் ஆற்றை ஃப்ளூட் என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும், ஆனால் சின்னச் சிரிப்பு வரும்.

'ஓ' பற்றி ஒரு இடைச்செருகல் இல்லாமல் நகர முடியவில்லை. எழுத்தில் அது ஒற்றை எழுத்து, தலையில் சிறு வட்டம் வைத்த ஏ. லத்தீனின் 'ஆக்வா'வும் (நீர்) இதுவும் ஒரே வேர். ஒரு முழுச் சொல் தேய்ந்து தேய்ந்து ஒற்றை உயிரெழுத்தாக நின்றுவிட்டது. ஊமெஓ, லூலெஓ, ஷெலெஃப்டெஓ என்று வட ஸ்வீடனின் நகரப் பெயர்கள் பலவற்றின் முடிவில் இருப்பது இதுதான். அந்த நகரங்களைத் தொட்டு ஓடும் ஆறுகளை இன்று எல்லாரும் எல்வ் என்கிறார்கள், ஊர்ப் பெயர்களில் மட்டும் பழைய ஓ தங்கிவிட்டது.

இந்த வரிசையில் ஸ்ட்ரொம் எங்கே நிற்கிறது? எல்வ், ஓ, பெக் மூன்றும் அளவைச் சொல்கின்றன. ஸ்ட்ரொம் அளவைச் சொல்வதில்லை. நீர் நகர்கிறது, இழுக்கிறது என்பதைச் சொல்கிறது. கரை, படுகை, நீளம் எதுவும் அதற்கு முக்கியமில்லை, ஓட்டம்தான் முக்கியம். அதனால் ஆற்றுக்குள்ளும் ஸ்ட்ரொம் இருக்கும், கடலுக்குள்ளும் இருக்கும், இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய நீரிணையிலும் இருக்கும். அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டம் ஸ்வீடிஷில் 'கோல்ஃப்ஸ்ட்ரொம்மென்'. குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் பனிச்சறுக்குக் காலணியோடு நெடுந்தூரம் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எங்கே ஸ்ட்ரொம் என்றுதான். அடியில் ஓட்டம் இருக்கிற இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். மேலே பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோல் வெள்ளையாகத்தான் தெரியும்.

இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஸ்டாக்ஹோமுக்குத்தான் போக வேண்டும். நகரத்தின் மேற்கே மேலரென் என்ற பெரிய ஏரி, கிழக்கே பால்டிக் கடலின் ஒரு கிளை. ஏரியின் நீர்மட்டம் கடலைவிட ஒரு மீட்டர்கூட உயரமில்லை. அந்தச் சிறு வித்தியாசத்தில், பழைய நகரத் தீவின் வடக்கும் தெற்கும் சுற்றி ஏரி கடலில் கொட்டுகிறது. வடக்கே போவது 'நோர்ஸ்ட்ரொம்' (வட ஓட்டம்), தெற்கே போவது 'சோடெர்ஸ்ட்ரொம்' (தென் ஓட்டம்). இவற்றை யாரும் ஆறு என்பதில்லை. நீளம் சில நூறு மீட்டர்தான், நடந்தால் சில நிமிடம். ஆனால் நாடாளுமன்றம் இருக்கும் தீவுக்கு அருகே பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் முறுக்கிக்கொண்டு ஓடுவது தெரியும். ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் வெறுமனே 'ஸ்ட்ரொம்மென்'. அரண்மனைக்கு எதிரே தூண்டில் போட்டு சால்மன் பிடிக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

மேலரென் முன்பு ஏரியே அல்ல, கடலின் நீட்சி. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனியின் பாரம் அழுத்திய நிலம், அந்தப் பாரம் போனபின் மெதுவாக எழும்பிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாக்ஹோம் பகுதியில் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அப்படி எழும்பியதில் வாய் குறுகி, வைக்கிங் காலத்துக்குப் பிறகு, ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், உள்ளே இருந்த நீர் ஏரியாகி வெளியே வழியத் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் என்ற பெயர் எழுத்தில் முதலில் கிடைப்பது 1252-இல். படகுகள் தடையின்றி உள்ளே போக முடியாமல் ஓட்டம் வலுத்த அந்த இடத்தில் சரக்கை இறக்கி மாற்ற வேண்டியிருந்தது. நகரம் அங்கே அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடத்துக்கு ஸ்ட்ரொம் என்று பெயர் வைப்பது பரவலான வழக்கம். வெட்டெர்ன் ஏரியின் நீரைக் கிழக்கே பால்டிக்குக்குக் கொண்டுபோகும் ஆறு 'மூட்டாலா ஸ்ட்ரொம்'. சுமார் 100 கிலோமீட்டர் ஓடுகிறது, ஆனாலும் எல்வ் இல்லை, ஓ இல்லை, ஸ்ட்ரொம் தான். கடலில் சேர்வதற்கு முன் நோர்ஷெப்பிங் நகரத்துக்குள் அருவிபோல் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் விசையில்தான் நெசவாலைகள் வந்தன, நகரத்துக்கு 'ஸ்வீடனின் மான்செஸ்டர்' என்ற பெயரும் வந்தது. மேற்குக் கரையில் நார்வே எல்லை அருகே ஸ்ட்ரொம்ஸ்டாட், வடக்கே ஸ்ட்ரொம்சுண்ட் என்று ஊர்களும் இருக்கின்றன.

ஆனால் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடன் தண்ணீரைத் தேடக் கூடாது. பின்லாந்தின் தென்கரையில் ஸ்ட்ரொம்ஃபொஷ் என்ற பழைய இரும்பாலை இருக்கிறது. பெயரைப் பிரித்தால் 'ஓட்டம் + பாய்ச்சல்', பக்கத்தில் ஆறும் உண்டு. எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். உண்மையில் 18-ஆம் நூற்றாண்டில் அதை நடத்திய இருவரின் பெயர்களிலிருந்து ஒட்டி எடுத்தது அது: ஒருவர் நோர்ஸ்ட்ரொம், மற்றவர் ஃபோர்செல். பெயர்ச்சொல் ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கவிழ்க்க இதைவிட நல்ல குழி கிடையாது.

சரி, ஆற்றிலிருந்து மின்சாரத்துக்கு எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்டாவின் மின்கலம் வந்தபின், கம்பிக்குள் எதுவோ பாய்கிறது என்று அறிவியலாளர்கள் கருதினார்கள். 1820-களில் ஆம்பியர் பிரெஞ்சில் 'மின் ஓட்டம்' என்று எழுதினார். ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றும் தன்னிடம் இருந்த நீரோட்டச் சொல்லை எடுத்து அதற்குக் கொடுத்தது. ஆங்கிலத்தில் கரண்ட், ஜெர்மனில் ஸ்ட்ரோம், டச்சிலும் ஸ்ட்ரோம், ஸ்வீடிஷில் ஸ்ட்ரொம். தமிழில் 'மின்னோட்டம்' என்பதும் அதே வழியில் வந்ததுதான்.

பேச்சு வழக்கில் இன்னும் நெருக்கம். வீட்டில் விளக்கு அணைந்தால் ஸ்வீடன்காரர் சொல்வது 'ஸ்ட்ரொம்மென் ஹார் கோட்'. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'கரண்ட் போயிருக்கு'. நம் ஊரில் 'கரண்ட் போச்சு' என்று சொல்வதற்கும் இதற்கும் இடையே மொழிபெயர்ப்பே தேவையில்லை. ஸ்விட்ச் அங்கே 'ஸ்ட்ரொம்ப்ரூட்டாரே', ஓட்டத்தை முறிப்பது. மாறுதிசை மின்னோட்டம் 'வெக்செல்ஸ்ட்ரொம்', நேர்திசை 'லீக்ஸ்ட்ரொம்'. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிக்கு 'ஸ்ட்ரொம்ஸ்னோல்' என்பார்கள். ஸ்னோல் என்றால் கஞ்சன். கரண்ட் விஷயத்தில் கஞ்சன்! அந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த கூட்டுச்சொற்களில் அது ஒன்று.

ஸ்வீடனில் இந்தப் பொருள் மாற்றம் வெறும் உவமையாக நிற்கவில்லை. ஆற்று நீரே மின்சாரமாயிற்று. 1909-இல் அரசு அமைத்த மின்வாரியத்தின் பெயரே 'வட்டென்ஃபால்', அதாவது அருவி. அதன் முதல் பெரிய நிலையம் யோட்டா எல்வ் ஆற்றில் ட்ரொல்ஹெட்டான் அருவியில் 1910-இல் ஓடத் தொடங்கியது. வடக்கே லூலெ ஆற்றில் போர்யுஸ் 1915-இல் வந்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்றும் நீர்மின்சாரம். டோர்னே, காலிக்ஸ், பீட்டெ, விண்டெல் ஆகிய நான்கு ஆறுகளை மட்டும் இனி மின்நிலையம் கட்டக் கூடாது என்று சட்டப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மும்முனை மின்சாரத்தைத் தனித்தனியாக உருவாக்கிய ஐரோப்பியப் பொறியாளர்களில் ஸ்வீடன்காரர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் யூனாஸ் வென்ஸ்ட்ரொம் (1855–1893). அவருடைய சகோதரர் பங்கெடுத்துத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'வென்ஸ்ட்ரொம் & க்ரான்ஸ்ட்ரொம் மின்விசைக் கம்பெனி'. இரண்டு ஸ்ட்ரொம்கள் சேர்ந்து ஸ்ட்ரொம் விற்றார்கள்! 1890-இல் அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ஆசெயா ஆனது. 1988-இல் அந்த ஆசெயா சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவேரியோடு சேர்ந்து பிறந்ததுதான் ஏபிபி. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் மோட்டாரிலும் ஸ்விட்ச்கியரிலும் சிவப்பு எழுத்தில் பார்க்கிற அதே ஏபிபி.

அப்புறம் குடும்பப் பெயர்கள். பழைய ஸ்வீடனில் சாதாரண மக்களுக்குப் பரம்பரைப் பெயர் இல்லை. ஆண்டெர்ஸின் மகன் ஆண்டெர்சொன், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நகரத்து வணிகர்கள், கைவினைஞர்கள், படித்தவர்கள் தங்களுக்கென்று நிலையான பெயர் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இயற்கையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து ஒட்டுவது வழக்கமாயிற்று. பெர்க் (மலை) + ஸ்ட்ரொம், லிண்ட் (லிண்டன் மரம்) + ஸ்ட்ரொம், சாண்ட் (மணல்) + ஸ்ட்ரொம், நூ (புது) + ஸ்ட்ரொம், ஷோ (ஏரி) + ஸ்ட்ரொம். பின்பாதியில் ஸ்ட்ரொம் வராவிட்டால் க்ரேன் (கிளை), க்விஸ்ட் (சிறுகிளை), பெர்க் (மலை) என்று ஏதாவது வரும். முன்பாதி சில சமயம் சொந்த ஊர்ப் பெயரின் துண்டாக இருக்கும். மற்றபடி லிண்ட்ஸ்ட்ரொம் குடும்பம் லிண்டன் மரத்தடி ஓடைக்கரையில் வாழ்ந்தது என்று கற்பனை செய்ய வேண்டாம். காதுக்கு இனிமையாக இருந்தது, வைத்துக்கொண்டார்கள். ராணுவத்திலோ ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டெர்சொன் இருந்தால் குழப்பம் என்று சிப்பாய்க்குச் சிறிய பெயராகக் கொடுப்பார்கள். வெறும் 'ஸ்ட்ரொம்' அப்படியும் வந்திருக்கிறது. 1901-இல் குடும்பப் பெயர்களுக்கான அரசாணை வந்தபின் இந்தப் பெயர்கள் நிலைபெற்றன.

பெயர் தற்செயலாகப் பொருந்திப் போனவர்களும் உண்டு. நீச்சல் வீராங்கனை சாரா ஷோஸ்ட்ரொம், பெயரிலேயே ஏரியும் ஓட்டமும், 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலிலும் 2024 பாரிஸில் 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.

நம் பாடப்புத்தகத்து ஆங்ஸ்ட்ராமுக்கு வருவோம். ஆண்டெர்ஸ் யூனாஸ் ஓங்ஸ்ட்ரொம் (1814–1874) உப்சாலா பல்கலைக்கழக இயற்பியலாளர். சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகளை அளந்து 1868-இல் வெளியிட்டபோது அலைநீளங்களை மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் குறித்தார். அந்த அளவுக்கு அவர் பெயரே பின்னால் நின்றுவிட்டது. அணுக்களின் அளவைச் சொல்ல இன்றும் அது வசதி. இதில் ஒரு வேடிக்கை: அந்த அலகின் குறியீடு மேலே சொன்ன வட்டம் வைத்த எழுத்து. அதைத் தனியாக எழுதி ஒரு ஸ்வீடன்காரரிடம் நீட்டினால் அவர் 'சிற்றாறு' என்று படிப்பார். பெயரின் கடைசியில் ஒரு ஓட்டம், சுருக்கக் குறியீட்டில் ஒரு ஆறு!

இப்போது தோற்றம். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இது 'ஸ்ட்ரவும்ர்'. கிழக்குக் கிளையான ஸ்வீடிஷும் டேனிஷும் 'அவு' என்ற ஈருயிரை ஒரே உயிராகச் சுருக்கிவிட்டன. கண்ணுக்கு 'அவுகா' என்றிருந்தது 'ஓகா' ஆனது, இலைக்கு 'லவுஃப்' என்றிருந்தது 'லொவ்' ஆனது. அதே போக்கில் ஸ்ட்ரவும், ஸ்ட்ரொம் ஆனது. மேற்குக் கிளை பழையதை விடவில்லை: ஐஸ்லாந்தில் எழுத்தில் இன்றும் 'அவு' தான், நார்வேயின் சால்ட்ஸ்ட்ரவுமென் என்ற மூர்க்கமான கடல் ஓட்டத்தின் பெயரிலும் அதுதான். வைக்கிங்குகள் போன இடமெல்லாம் சொல்லும் போனது. ஃபாரோ தீவுகளில் மிகப் பெரியதான ஸ்ட்ரேய்மோய் 'ஓட்டத் தீவு'. ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பால் கடலோட்டத்தின் நடுவே கிடக்கும் ஸ்ட்ரோமா தீவும் அதே பொருள்தான்.

இன்னும் பின்னே போனால் ஜெர்மானிய மூலமொழியில் 'ஸ்ட்ரவுமஸ்', அதற்கும் முன்னே இந்தோ-ஐரோப்பிய வேர் 'ஸ்ரெவ்', பாய்தல். கவனியுங்கள், வேரில் 'ட்' இல்லை. 'ஸ்'ஸிலிருந்து 'ர்'ருக்கு நாக்கு தாவும்போது நடுவே தானாக ஒரு 'ட்' முளைக்கும், வேகமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஜெர்மானிய மொழிகளில் அது நிரந்தரமாகிவிட்டது. ஆங்கில சிஸ்டரில் இருக்கும் 'ட்'டும் அப்படி வந்ததுதான். சமஸ்கிருத 'ஸ்வஸ்ரு'வில் (சகோதரி) அது இல்லை. ஸ்லாவிய மொழிகளிலும் இதே கதை. ரஷ்ய மொழியில் தீவுக்கு 'ஓஸ்த்ரவ்', சுற்றி நீர் ஓடுவது.

ட் நுழையாத கிளைகளும் இருக்கின்றன. லிதுவேனிய மொழியில் நீரோட்டம் 'ஸ்ரோவே', ஐரிஷில் ஓடை 'ஸ்ருத்'. சமஸ்கிருதத்தில் 'ஸ்ரவதி' பாய்கிறது, 'ஸ்ரோதஸ்' நீரோட்டம். பழைய மருத்துவத் தமிழில் கருச்சிதைவைக் 'கர்ப்பஸ்ராவம்' என்று எழுதுவார்களே, அந்த ஸ்ராவம் இந்த வேரிலிருந்து வந்ததே. கிரேக்கத்தில் முதல் 'ஸ்' உதிர்ந்து 'ரேயோ' (பாய்கிறேன்) ஆனது. உடலில் ஏதோ நீர் இறங்கி மூட்டில் தங்குவதால் வலி என்று பழைய மருத்துவர்கள் நம்பியதால் ரூமாட்டிசம் என்ற பெயர் வந்தது. டயரியாவின் கடைசிப் பாதியும் அதே வேர், விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு உறவைப் பார்த்தபின் எல்லாவற்றையும் சேர்க்க ஆசை வரும். தமிழ்ச் 'சுரத்தல்' ஒலியிலும் பொருளிலும் நெருங்கி வருகிறது, ஊற்று சுரக்கிறது, பால் சுரக்கிறது என்கிறோம். ஆனால் அது திராவிடக் குடும்பத்துச் சொல், ஸ்ரெவ்வோடு கட்ட வேண்டாம். தாவரவியலில் பசுங்கணிகத்துக்குள் வருகிற ஸ்ட்ரோமாவும் தொடர்பில்லாதது: கிரேக்கத்தில் அது விரிப்பு, படுக்கை. ஸ்ட்ரோம்போலி எரிமலையும் அப்படியே, அது கிரேக்கத்தில் 'உருண்டையானது' என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஸ்ட்ரொம்மிலிருந்து கிளைத்த வேறு சில சொற்கள். 'ஸ்ட்ரொம்மிங்' என்பது பால்டிக் கடலின் சிறிய ஹெர்ரிங் மீன். ஓட்டத்தில் கூட்டமாக வருவதால் இந்தப் பெயர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கால்மார் நகருக்கு வடக்கே பிடித்தால் ஸ்ட்ரொம்மிங், தெற்கே பிடித்தால் அதே இன மீனுக்கு 'சில்' என்று பெயர். ஸ்ட்ரொம்மிங்கைப் புளிக்க வைத்து டப்பாவில் அடைத்ததுதான் இணையத்தில் நாற்றத்துக்காகப் பேர்போன சூர்ஸ்ட்ரொம்மிங். டப்பா உப்பியிருக்கும், திறப்பதை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்வார்கள். வேகமான ஓடைக்குள் முங்கிப் பூச்சி பிடிக்கும் குட்டைவால் பறவை 'ஸ்ட்ரொம்ஸ்தாரே'.

நாட்டுப்புறக் கதைகளில் 'ஸ்ட்ரொம்கார்ல்' வருகிறான், ஓட்டத்து ஆள். அருவிக்கும் ஆலைக்கும் அடியில் உட்கார்ந்து பிடில் வாசிக்கும் நீர்த்தேவதை. அவனுடைய மெட்டுக்குப் பதினொரு வடிவங்கள் உண்டாம். பத்து வரை மனிதர்கள் வாசிக்கலாம், ஆடலாம். பதினொன்றாவது அவனுக்கே உரியது. யாராவது துணிந்து வாசித்தால் கிழவர்களும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளும், மேசை பெஞ்சுகளும்கூட ஆடத் தொடங்கிவிடும்.

மற்றபடி அன்றாடப் பேச்சில் 'ஸ்ட்ரொம்மா' என்ற வினையாக எங்கும் வரும். மைதானத்துக்குள் கூட்டம் ஸ்ட்ரொம்மா செய்யும், கண்ணீர் 'வேகமான ஸ்ட்ரொம்களாக' வழியும், தன் போக்கில் போகிறவர் ஸ்ட்ரொம்முக்கு எதிராக நடப்பார். ஸ்பாட்டிஃபை 2006-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்டது, இணையத்தில் பாட்டு கேட்பதற்கு ஸ்ட்ரீமிங் என்ற ஆங்கிலச் சொல்லும் புழங்குகிறது. மொழி ஆலோசகர்கள் ஸ்ட்ரொம்மா என்று சொல்லலாமே என்கிறார்கள், செய்தித்தாள்களும் அப்படி எழுதுகின்றன. பலர் ஆங்கிலத்தை அப்படியே எடுத்து 'ஸ்ட்ரீமா' என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலே பிரிந்திருந்த பங்காளி திரும்பி வந்து அதே வீட்டில் அறை கேட்கிறான். இப்போதைக்கு இரண்டும் புழங்குகின்றன. எழுதும்போது ஸ்ட்ரொம்மா, பேசும்போது எது வாயில் வருகிறதோ அது என்று வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.